உப்பும் சர்க்கரையும் ஒன்றாகப் போகும் வாசல்

வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து போவது தண்ணீர்தானே? அப்படியென்றால் தண்ணீரை மட்டும் குடித்தால் போதாதா? டாக்டர் ஏன் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்கச் சொல்கிறார்?

இதற்கு விடை சிறுகுடலில் இருக்கிறது. நாம் குடிப்பது, சாப்பாட்டில் உள்ளது, உமிழ்நீர், இரைப்பையும் கணையமும் சுரப்பது எல்லாம் சேர்ந்து ஒரு பெரியவரின் குடலுக்குள் நாளொன்றுக்குச் சுமார் 8 லிட்டர் நீர் வருகிறது. ஏறக்குறைய அத்தனையையும் குடல் உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பிவிடும். மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளருக்குள்தான். கிருமி புகுந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. உறிஞ்சுவது குறைகிறது, சுரப்பது கூடுகிறது. நீரோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளும் போவதால்தான் உடம்பு அப்படித் துவண்டுபோகிறது.

குடலில் தண்ணீர் தனியே நகராது. உப்பு போகும் பக்கம்தான் அதுவும் போகும். குடல் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு சுழல்கதவு மாதிரி. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் சுழன்று உள்ளே விடும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். சோடியமும் குளுக்கோஸும் இப்படி இணைந்தே போகின்றன என்று 1960-ல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கினார். காலரா தாக்கிய குடலில்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை! 1968-ல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்குக் கரைசல் கொடுத்தே இதை நிரூபித்தார்கள்.

1971-ல் வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்கத்துக்கு ஓடிவந்தார்கள். பொங்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கரைத்து, நோயாளிகளுக்கு அதைப் புகட்ட அவர்களின் உறவினர்களையே சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் மருத்துவம் பார்த்தவர்களில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் மறைந்த பிறகு, 2023-ல் நம் அரசு பத்ம விபூஷண் விருது அறிவித்தது. இன்னும் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கூட்டவோ குறைக்கவோ கூடாது. பொட்டலம் கிடைக்கவில்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைப் பெரியவர்கள்தான் அளந்து கலக்க வேண்டும். சர்க்கரை அதிகமானால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும், போக்கு இன்னும் கூடும். அதனால்தான் கலர், பாட்டில் ஜூஸ் எல்லாம் இப்போது வேண்டாம். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடரலாம்.

“வயிற்றைக் காயப்போடு” என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. குடலின் உள்சுவர் சில நாட்களுக்கொரு முறை புதிதாக வளர்வது, அதற்குச் சாப்பாடு வேண்டும். பாட்டி வைக்கும் உப்புப் போட்ட நொய்க்கஞ்சி அருமையான மருந்துணவு. அரிசி மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. அது மெல்ல மெல்ல அவிழ்வதால் சர்க்கரை ஒரேயடியாகக் குவியாது, வாசலுக்கு வேண்டிய குளுக்கோஸும் கிடைத்துக்கொண்டே இருக்கும். இட்லி, குழைந்த மோர்சாதம், வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே குடிக்கலாம், ஆனால் கரைசலுக்குப் பதிலாக அல்ல. சிலருக்குப் பால் சில நாட்கள் ஒத்துக்கொள்ளாது, பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, நோயில் பழுதாகும் அந்தக் குடல் சுவரில்தான் இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வராதது, கண் உள்வாங்குவது, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு டாக்டர் துத்தநாக மாத்திரையும் எழுதித் தருவார். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் முழுவதும் கொடுத்து முடியுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி வயிற்றுப்போக்கு வருவதை அது குறைக்கிறது.