சிரித்தவர்களே வரிசையில் நின்றார்கள்! ஒரு கேம் கன்ட்ரோலரின் கதை

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் வரிசைகட்டி நின்றுவிடும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 14 வரை 61 நாள்கள் தடைக்காலம். பள்ளிக்கூடங்களுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. திண்ணையில் ஒரு பக்கம் அப்பா வலையைப் பழுதுபார்க்க, மறுபக்கம் மகன் போனில் கேம் ஆடிக்கொண்டிருப்பது இந்தக் கடலோரத்தில் சகஜமான காட்சி.

இரண்டு பேருக்குமே வேலை கையில்தான். பருத்தி வலையிலிருந்து நைலான் வலைக்கு, துடுப்பிலிருந்து இன்ஜினுக்கு, நட்சத்திரம் பார்த்து திசை அறிந்ததிலிருந்து ஜி.பி.எஸ் கருவிக்கு என்று ஒவ்வொன்றையும் புதிதாகப் பழகிய கைகள் பெரியவர்களுடையவை. பிள்ளைகளின் கைகளுக்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அதில் மிக சுவாரஸ்யமான அத்தியாயம், 2005-ல் உலகமே பார்த்துச் சிரித்த ஒரு வெள்ளை ரிமோட்!

டோக்கியோவில் காட்டிய ரிமோட்

2005 செப்டம்பர் 16. டோக்கியோ கேம் ஷோ மேடையில் நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவர் சதோரு இவாட்டா, தங்கள் அடுத்த கேம் கன்சோலின் கன்ட்ரோலரை அறிமுகப்படுத்தினார். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் பட்டன்களை அழுத்தும் கன்ட்ரோலருக்கே உலகம் அதுவரை பழகியிருந்தது. இவாட்டா காட்டியதோ ஒற்றைக் கையில் பிடிக்கும் டிவி ரிமோட் மாதிரி ஒரு பொருள்.

கூடவே ஒரு வீடியோவும் வந்தது. அதில் கேம் எப்படி இருக்கும் என்று திரையைக் காட்டவே இல்லை. ஆடுகிறவர்களை மட்டுமே காட்டினார்கள். ரிமோட்டைக் கத்தியாக வீசினார்கள். காய்கறி நறுக்குவதுபோல ஆட்டினார்கள். வீட்டிலிருந்த வயதானவர்களும் சேர்ந்து ஆடினார்கள்.

கேமர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இதுதான் புரட்சி என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. இது விளையாட்டுச் சாமானா, டிவி ரிமோட்டா என்று இன்னொரு கூட்டம் கேலி செய்தது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு சோபாவில் சாய்ந்து ஆட வருகிறவன் எதற்காகக் கையை வீச வேண்டும் என்பது பலருடைய கேள்வி. இத்தனை குறைந்த பட்டன்களை வைத்துக்கொண்டு பெரிய கேம்களை எப்படி ஆடுவது என்பது அனுபவசாலிகளின் கவலை.

2006 ஏப்ரலில் கன்சோலின் பெயரை அறிவித்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. பெயர் ‘வீ’. ஆங்கிலத்தில் ‘நாம்’ என்று பொருள் தரும் சொல்லைப் போல ஒலிக்க வேண்டும் என்று நின்டெண்டோ நினைத்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளிலோ அது குழந்தைகள் ‘ஒன்னுக்கு’ என்று சொல்வதுபோலக் காதில் விழுந்தது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்?

பாட்டி ஆடிய பவுலிங்

2006 நவம்பர் 19-ல் அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. விலை 250 டாலர். அதே மாதம் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்கு ஆரம்ப விலையே 500 டாலர். படத்தின் துல்லியத்திலும் வேகத்திலும் வீ மிகவும் பின்தங்கியிருந்தது. ஆனாலும் கடைகளில் மாதக்கணக்கில் தட்டுப்பாடு!

காரணம் எளிமையானது. டென்னிஸ் ஆட எந்தப் பட்டன் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ராக்கெட்டை வீசுவதுபோலக் கையை வீசினால் போதும். அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் ஆட வந்தார்கள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் வீ பவுலிங் போட்டிகள் நடந்தன. ரிமோட்டைத் தூண்டிலாகப் பிடித்து மீன் பிடிக்கும் ஆட்டமும் உண்டு.

உற்சாகத்தில் ரிமோட் கை நழுவிப் பறந்து டிவியை உடைத்த கதைகளும் உண்டு. மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்துபோனதாகப் புகார்கள் வர, 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித்தர நின்டெண்டோ முன்வந்தது. கடைசிக் கணக்கில் வீ விற்றது 10 கோடியே 16 லட்சம்.

அந்த ரிமோட்டுக்குள் இருந்த சூட்சுமம் இதுதான். கை அசைவின் முடுக்கத்தை அளக்க ஒரு சென்சார். முனையில் அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன கேமரா. டிவிக்கு மேலேயோ கீழேயோ வைக்கும் பட்டையில் அகச்சிவப்பு விளக்குகள். அந்த விளக்குகள் எங்கே தெரிகின்றன என்பதை வைத்தே, ரிமோட் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கணக்கு போடும். பட்டை பழுதானால் இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஆடியவர்களும் உண்டு. மெழுகுவத்திச் சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறதே!

கேலி செய்தவர்கள் முட்டாள்களா?

இல்லை. அவர்கள் சொன்னதில் பாதி பலித்தது. புதுமை தீர்ந்ததும் பல வீடுகளில் வீ பெட்டி டிவி ஸ்டாண்டில் தூசி படிந்து கிடந்தது. 2010-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே போய், கன்ட்ரோலரே வேண்டாம், உடம்பை அசைத்தால் போதும் என்று ‘கினெக்ட்’ கேமராவைக் கொண்டுவந்தது. முதல் 60 நாள்களில் 80 லட்சம் விற்று கின்னஸில் இடம்பிடித்த அந்தக் கருவியின் உற்பத்தியை 2017-ல் நிறுத்தியே விட்டார்கள். நின்டெண்டோவும் அடி வாங்கியது. 2012-ல் கன்ட்ரோலரின் நடுவில் ஒரு திரையை வைத்து வந்த ‘வீ யு’, 1 கோடியே 36 லட்சத்தோடு முடங்கியது.

ஆக, விசித்திரமான கன்ட்ரோலர் என்பதாலேயே ஒன்று ஜெயிப்பதுமில்லை, தோற்பதுமில்லை. ‘இது வந்ததால் புதிதாக யாரால் ஆட முடிகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்த கருவி பரவியது. பதில் தெளிவாக இல்லாதது பரணுக்குப் போனது.

நம்ம ஊருக்கு வந்த துப்பாக்கியும் கண்ணாடியும்

கடலோர ஊர்களுக்கு வீடியோ கேம் வந்த வழி வேறு. 90-களில் தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கிய ‘டிவி கேம்’, பெரும்பாலும் நின்டெண்டோவின் 1983-ம் ஆண்டுக் கன்சோலைப் பார்த்துச் செய்த நகல். கீழக்கரை போன்ற, வளைகுடா நாடுகளோடு நெருங்கிய தொடர்புள்ள ஊர்களில், விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் மிட்டாய், சென்ட் பாட்டிலோடு அதுவும் வந்து இறங்கும். ஆட்டம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு மறுபடி சொருகுவதுதான் அன்றைய வைத்தியம்.

வாத்து சுடும் ஆட்டத்துக்கு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி நினைவிருக்கிறதா? அதுவும் ஒரு விசித்திரமான கன்ட்ரோலர்தான். துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்திய நொடியில் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழாய்க்குள் விழுந்தால் வாத்து காலி. பழைய குண்டு டிவியை நம்பியே செய்த கருவி என்பதால், இன்றைய தட்டை டிவியில் அது வேலை செய்யாது.

அதன் பிறகு கைக்கு வந்ததுதான் எல்லாவற்றையும்விட விசித்திரமானது. பட்டனே இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு! செல்போனின் தொடுதிரையில் சுடுவது, ஓடுவது எல்லாம் ஆகிற காரியமா என்று கம்ப்யூட்டரில் ஆடிப் பழகியவர்கள் சிரித்தார்கள். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. நண்டு கொடுக்கு மாதிரி விரல்களை வளைத்து, நான்கு விரலால் ஆடும் வித்தையைப் பையன்கள் தாங்களே கற்றுக்கொண்டார்கள். வியர்வையில் விரல் வழுக்காமலிருக்க விரலுக்கு உறை மாட்டிக்கொண்டார்கள். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது தெருவுக்குத் தெரு அதுதான் பேச்சு. கன்சோல் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் விளையாட்டு மைதானத்தைத் திறந்துவிட்டது, சிரிப்புக்கு ஆளான அந்தக் கண்ணாடிதான்.

மறுபடியும் அதே கேள்வி

2025 ஜனவரி 16-ல் ஸ்விட்ச் 2 கன்சோலின் முதல் வீடியோவை நின்டெண்டோ வெளியிட்டது. கன்ட்ரோலரைக் கழற்றிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி நகர்த்தும் காட்சி அதில் வந்தது. உடனே அதே பழைய விவாதம். இத்தனை ஒல்லியான மவுஸைப் பிடித்தால் கை வலிக்காதா? சோபாவில் உட்கார்ந்து எதன் மேல் தேய்ப்பது? ஏப்ரலில் 450 டாலர் விலையும், ஒரு கேமுக்கு 80 டாலர் என்பதும் தெரியவந்தபோது, விலையைக் குறை என்ற கோபம் நேரலைகளில் கொட்டியது. ஜூன் 5-ல் விற்பனைக்கு வந்ததும், முதல் நான்கே நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது.

அந்த மவுஸ் கன்ட்ரோலருக்கென்று ஆகஸ்ட்டில் வந்த ஒரு கேமைக் கவனிக்க வேண்டும். அது சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. இரண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்து மேசைமேல் முன்னும் பின்னும் தள்ளினால், திரையில் சக்கரங்கள் உருளும். நாற்காலியின் சக்கரத்தைக் கையால் தள்ளும் அதே அசைவு!

கருவி கைக்கா, கை கருவிக்கா?

இங்கேதான் விஷயம் வெறும் விளையாட்டாக இல்லாமல் போகிறது. ஒரு கையில்லாத பிள்ளை, விரல்கள் மடங்காத பிள்ளை, தசை வலுவில்லாத பிள்ளை… இவர்கள் எந்த கன்ட்ரோலரைப் பிடிப்பார்கள்? இரண்டு கையும் பத்து விரலும் உள்ளவருக்கு ‘வழக்கமானது’ என்று தோன்றும் கன்ட்ரோலர், இவர்களுக்குப் பூட்டிய கதவு.

2018-ல் மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்’ என்ற ஒன்றை 100 டாலருக்குக் கொண்டுவந்தது. மேலே உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பெரிய பட்டன்கள். பின்பக்கம் வரிசையாகத் துளைகள். காலால் மிதிக்கும் பெடல், முழங்கையால் தட்டும் சுவிட்ச் என்று அவரவர் உடம்புக்கு எது தோதோ அதைச் சொருகிக்கொள்ளலாம். அதன் அட்டைப்பெட்டியைக்கூட விரல் நுனியின் வலு இல்லாதவர்களும் திறக்கும்படி செய்திருந்தார்கள். 2023 டிசம்பரில் சோனியும் ‘ஆக்சஸ்’ என்ற வட்ட வடிவக் கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த யோசனை ராமேஸ்வரத்துக்குப் புதிதல்ல. இந்தத் தீவில் பிறந்த அப்துல் கலாம், ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்துக்குப் போனார். போலியோவால் கால் பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கும் அதிகமான இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான பொருளைக் கொண்டு 300 கிராமில் காலிப்பர் தயாரானது. தன் வாழ்க்கையில் மிகுந்த நிறைவு தந்த வேலைகளில் ஒன்றாக அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காலைக் கருவிக்குப் பழக்காமல், கருவியைக் காலுக்குத் தக்கபடி மாற்றிய வேலை அது.

பிள்ளை புது கன்சோல் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடுகளில், விலையோடு சேர்த்து இன்னும் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். இதை வீட்டில் இன்னொருவரும் சேர்ந்து ஆட முடியுமா? அரை மணி நேரத்துக்குப் பிறகும் கையும் கழுத்தும் வலிக்காமலிருக்குமா? புதுமை தீர்ந்த பிறகும் ஆட அதில் ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குவதில் தப்பில்லை. இல்லையென்றால் சோழிகளோடு பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கலாம். அதற்கு சார்ஜும் வேண்டாம், அதை ஆடப் பாட்டிக்கு யாரும் சொல்லித்தரவும் வேண்டாம்.

அடுத்த முறை ஏதாவது ஒரு கோணல்மாணலான கன்ட்ரோலரின் படம் உங்கள் போனுக்கு வரும். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். இதுவரை ஆட முடியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்காக அது செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.