பெட்டியைப் பார்க்காதீங்க, ஸ்பானரைப் பாருங்க!



புடவைக் கடையில் முந்தியைப் பிரித்துப் பார்த்து, கரையைத் திருப்பிப் பார்த்து, நிறம் வெளிச்சத்தில் எப்படி என்று வாசல் வரை கொண்டுபோய்ப் பார்த்துத்தான் எடுக்கிறோம். எவர்சில்வர் குடத்தைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிற பெண் நம்மில் உண்டா? ஆனால் ஸ்பானர், திருப்புளி என்று வந்தால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆம்பளைகளோ பளபளக்கும் பெட்டியைப் பார்த்து மயங்கி, பத்து ரூபாய் பேரம் பேசி, தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்! இன்று எத்தனையோ வீட்டு வாசலில் கார் நிற்கிறது. ஓட்டுகிறவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து ஈரோட்டுக்குப் போக வேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காரை ஓட்டுவது நான்தான். போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால், முன் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கியும் இருக்கிறது. ஆனால் பஞ்சர் கடையில் மெஷின் வைத்து முடுக்கிய நட்டுகள் காரோடு வந்த குட்டி ஸ்பானருக்கு அசையவே இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி, "நான் மாத்தித் தர்றனுங்க்கா" என்று தன் சிவப்புப் பெட்டியோடு ஓடி வந்தான். உள்ளே 46 சாமான், எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்று நட்டு கழன்றது. நாலாவதில், நட்டின் மேல் மாட்டிய பாக்ஸின் வாய் பிளந்துகொண்டது. நட்டின் முனைகளும் மழுங்கிவிட்டன. "நட்டு உருண்டு போச்சுங்க்கா" என்று அந்தப் பையன் பாவமாய் நின்றான். வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மதியம் வரை வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தார் இவர்.

பிறகு மெக்கானிக் அண்ணன் வந்து, சற்றே சிறிய அளவு பாக்ஸை அந்த நட்டின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றிக் கழற்றினார். பிளந்த பாக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, பொட்டி பெருசா இருந்தாப் போதுமா? இரும்பு நல்லா இருக்கோணுமல்ல?" என்றார். அன்று மாலை அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதன்பின் நானே கடை கடையாய் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் விஷயம், எண்ணிக்கை. ஐம்பது சாமான், நூறு சாமான் என்று விற்கும் மலிவுப் பெட்டிகளில் பாதிக்கு மேல் நாம் தொடவே போவதில்லை. அதே காசுக்கு ஏழெட்டு நல்ல ஸ்பானர் வாங்கலாம். ஸ்பானரில் போட்டிருக்கும் 10, 12 என்ற எண், நட்டுத் தலையின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். நம் சாலையில் ஓடும் ஜப்பான், கொரியா வழிக் கார்களுக்கு முக்கியமாக 8, 10, 12, 14, 17, 19 அளவுகள் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். ஐரோப்பிய வழிக் கார் என்றால் 13, 16, 18 தேவைப்படும். பேட்டரி முனையைக் கழற்றப் பெரும்பாலும் 10-ம் நம்பர்தான். உங்கள் காருக்கு எது என்று தெரியாவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், மளிகைச் சீட்டு மாதிரி.

அப்பா காலத்து அங்குல ஸ்பானர் வீட்டில் இருந்தால் புதுக் காருக்கு அதை எடுக்காதீர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-க்கு அது ஏறாது. அங்குல போல்ட்டில் 13-ஐ மாட்டினாலோ லொடலொடவென்று ஆடும். ஆடும் ஸ்பானர் நட்டின் பக்கத்தைப் பிடிக்காமல் முனையை மட்டும் பிடிக்கும். அழுத்தினால் முனை மழுங்கும். நட்டு உருள்வது இப்படித்தான். திருகி அளவை மாற்றும் ஸ்க்ரூ ஸ்பானர் குழாய் வேலைக்கு நல்லது; கார் நட்டுக்கு அதையே நம்பி இருக்கக் கூடாது.

இரண்டாவது, ஸ்பானரின் வாய். ஒரு முனை திறந்த வாயும் மறு முனை வளையமுமாக இருக்கும் காம்பினேஷன் ஸ்பானர் வீட்டுக்குத் தோதானது. திறந்த வாய் நட்டை இரண்டு பக்கம்தான் பிடிக்கும். வளையம் சுற்றிலும் பிடிக்கும். ஆகவே இறுகிய நட்டை வளையத்தால் அசைத்துவிட்டு, பிறகு திறந்த வாயால் சுழற்றிக் கழற்ற வேண்டும். வளையத்துக்குள்ளும் பாக்ஸுக்குள்ளும் ஆறு பட்டை, பன்னிரண்டு பட்டை என்று இரண்டு விதம் உண்டு. சக்கர நட்டுக்கு ஆறு பட்டை பாக்ஸ்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, இரும்பு. நல்ல ஸ்பானரில் குரோம் வனேடியம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இரும்பில் அந்த இரண்டையும் கொஞ்சம் சேர்த்து, சூட்டில் அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிச் செய்வது. மேலே இருக்கும் பளபளப்பு துருவைத் தடுக்கும் முலாம். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலர் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். மட்டமான இரும்பிலும் காந்தம் ஒட்டும், அதனால் அந்தச் சோதனை பிரயோஜனமில்லை. ஜலந்தர், லூதியானா பக்கத்திலிருந்து தரமான சாமான்கள் வெளிநாட்டுக்கே போகின்றன. நம் நாட்டுச் சரக்கா என்று தயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதோடு உரிமம் எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று செல்போனிலேயே தெரிந்துவிடும்.

கடையில் நம் கண்ணும் கையும் செய்ய வேண்டிய சோதனைகள் சில:

* காருக்கான நட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பானரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். சிக்கென்று உட்கார வேண்டும்.
* வாயின் உட்புறம் நேராகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். முலாம் உரிந்திருந்தாலோ, ஓரம் பிசிறாக இருந்தாலோ வேண்டாம்.
* கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டும் பகுதியில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. மெல்லிய காகிதத்தைச் சுத்தமாக வெட்ட வேண்டும். மூட்டு லகுவாக அசைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.
* பிளேயர் 8 அங்குலம் உங்கள் ஒரு கைக்கு அடங்கவில்லையா? 6 அங்குலம் வாங்குங்கள். நம் கைக்குத்தான் வாங்குகிறோம்.
* ஸ்டார் திருப்புளியில் 2-ம் நம்பர்தான் அதிகம் பயன்படும். நுனி மழுங்கலாக இல்லாமல் திருகாணியின் பள்ளத்தில் முழுசாய் இறங்க வேண்டும்.

நாலாவது, நீளம். நம்மில் பலர் "எனக்கு அவ்வளவு பலம் ஏது?" என்று பின்வாங்குவது சக்கர நட்டு விஷயத்தில்தான். கணக்கைப் பாருங்கள். பல சிறிய கார்களில் சக்கர நட்டை முடுக்கும் அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் அதற்குச் சுமார் 40 கிலோ அழுத்தம் வேண்டும். 50 சென்டிமீட்டர் கைப்பிடியில் 20 கிலோ போதும். ஒரு சின்ன அரிசி மூட்டை கனம்! யுக்தி இருந்தால் பலம் கொஞ்சம் போதும். இழுத்து நீட்டும் கைப்பிடியோடு சக்கர ஸ்பானர் கிடைக்கிறது; உங்கள் நட்டு அளவுக்கு ஏற்ற ஆழமான பாக்ஸோடு வாங்கி டிக்கியிலேயே போட்டு வையுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். பஞ்சர் கடையில், "கடைசி முடுக்கை மெஷின்ல வேண்டாங்க, கையில போடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். சக்கரம் மாற்றிய பின் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நம் பத்திரம். பேட்டரியில் கை வைக்கும் முன் வளையல், மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். உலோகம் இரண்டு முனைக்கும் நடுவே பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். மைனஸ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். முந்தானையை இறுக்கிச் செருகுங்கள், துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. அதற்குத் தனி ஸ்டாண்டு இருக்கிறது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயரைத் தொடாதீர்கள். பிரேக், ஏர்பேக் வேலை எல்லாம் தெரிந்தவர்களுக்கு உரியது.

வாங்கியதைப் பேணுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா? வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி, பழைய ஜீன்ஸ் துணியில் அறை அறையாய்த் தைத்த பையில் செருகிச் சுருட்டி வைக்கலாம். ஒரு ஸ்பானர் காணாமல் போனாலும் காலி அறை காட்டிக் கொடுத்துவிடும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால் மறுநாளே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வருஷம் முழுக்க அந்தப் பொட்டோடு கிடந்தால் துரு பிடிக்கும். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாமான் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், வாசலில் நிற்கும் காரில் ஒரே ஒரு சக்கர நட்டை நீங்களே தளர்த்தி, திரும்ப முடுக்கிப் பாருங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாத நேரத்தில் ஒருமுறை பழகிய கைக்கு, இருட்டில் நடு ரோட்டில் நிற்க நேர்ந்தாலும் நடுக்கம் வராது.

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்.