இடைக்கால பட்ஜெட்: அறிவிப்பு வேறு, அனுமதி வேறு

தேர்தல் ஆண்டு வந்தாலே பிப்ரவரி மாதத்தில் ஒரு செய்தி வரும். "சட்டப்பேரவையில் இன்று இடைக்கால பட்ஜெட் தாக்கல்." அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்புகளின் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்னாருக்கு இவ்வளவு, இந்தத் துறைக்கு இத்தனை கோடி. ஒரு மாதம் கழித்து அதே குழுவில் யாராவது கேட்பார்கள்: "அறிவிச்சாங்களே, எங்கே விண்ணப்பம் கொடுக்கணும்?" பெரும்பாலும் பதில் இருக்காது. இதற்குக் காரணம் எல்லா நேரமும் ஏமாற்று அல்ல. இடைக்கால பட்ஜெட் என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது நம்மில் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

அரசாங்கத்தின் கஜானாவில் பணம் இருப்பதும், அதைச் செலவு செய்யும் உரிமை அரசிடம் இருப்பதும் ஒன்றல்ல. நாம் கட்டும் வரி, அரசு வாங்கும் கடன், மத்திய அரசிடமிருந்து வரும் பங்கு எல்லாம் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் போய்ச் சேருகின்றன. அந்த நிதியிலிருந்து சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 266வது பிரிவு. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியது சட்டப்பேரவை. முதலமைச்சரோ நிதியமைச்சரோ நிதித்துறைச் செயலாளரோ தாமாக எடுக்க முடியாது.

பேரவை கொடுக்கும் அனுமதிக்கு ஆயுள் ஓராண்டுதான். ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கி மார்ச் 31ஆம் தேதி நள்ளிரவோடு அது முடிந்துவிடும். மறுநாள் காலையில் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்க வேண்டும், விடுதி மாணவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். புதிய அனுமதி இல்லையென்றால் இவை எதையும் சட்டப்படி செய்ய முடியாது.

முழு பட்ஜெட் நிறைவேறுவது ஒரு நாள் வேலையல்ல. முதலில் நிதியமைச்சர் உரை. பிறகு பொது விவாதம். அதன்பின் துறை வாரியாக மானியக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக விவாதத்திற்கு வரும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், அமைச்சர் பதில் சொல்வார், வாக்கெடுப்பு நடக்கும். கடைசியில் நிதி ஒதுக்க மசோதா, அதற்கு ஆளுநரின் ஒப்புதல். வாரக்கணக்கில் இழுக்கும் இந்த வேலையை, தேர்தலுக்கு நாள் குறிக்கப் போகும் நேரத்தில் செய்ய இயலாது. செய்வதும் முறையல்ல.

இதற்கு நம் பள்ளிவாசல் நிர்வாகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நிர்வாகக் குழுவின் காலம் முடியப் போகிறது. புதிய குழுவைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம் நிற்கக்கூடாது, கரண்ட் பில் கட்டாமல் ஹவுளில் தண்ணீர் இல்லாமல் போகக்கூடாது. எனவே ஜமாஅத் பொதுக்குழு கூடி, "புதிய நிர்வாகம் வந்து வரவு செலவு போடும்வரை வழக்கமான செலவுகளை மட்டும் செய்துகொள்ளுங்கள்" என்று பழைய குழுவுக்கு அனுமதி தருகிறது. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு புதிய மினாரா கட்ட ஒப்பந்தம் போட்டால் ஜமாஅத்தார் சும்மா இருப்பார்களா? மாநில அரசு விஷயத்திலும் கணக்கு இதுதான், தொகைதான் பெரியது.

அரசியல் சாசனம் இந்த ஏற்பாட்டை மாநிலங்களுக்கு 206வது பிரிவிலும் மத்திய அரசுக்கு 116வது பிரிவிலும் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'வோட் ஆன் அக்கவுண்ட்' என்பார்கள். நம் சட்டப்பேரவையில் இதற்குப் பெயர் முன்பண மானியக் கோரிக்கை. முழு பட்ஜெட் நடைமுறை முடியும்வரை, ஆண்டின் ஒரு பகுதிக்கான செலவை முன்கூட்டியே அனுமதிக்கும்படி பேரவையைக் கேட்பது இது. எத்தனை மாதத்திற்கு என்று சாசனம் வரையறுக்கவில்லை. தேவையைப் பொறுத்து இரண்டு, மூன்று மாதங்களுக்கோ அதற்கும் கூடுதலாகவோ கேட்கப்படுகிறது.

அப்படியானால் 'இடைக்கால பட்ஜெட்' என்பது என்ன? அந்தச் சொல் சாசனத்தில் எங்குமே கிடையாது. (உண்மையில் 'பட்ஜெட்' என்ற சொல்லே கிடையாது, ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான் இருக்கிறது.) பதவிக்காலம் முடியும் அரசு ஆண்டு முழுமைக்கான வரவு செலவு மதிப்பீட்டைப் பேரவையில் வைக்கும்; ஆனால் அனுமதி கேட்பது சில மாதங்களுக்கு மட்டும். மதிப்பீட்டுக்கும் உரைக்கும் சேர்த்து நடைமுறையில் வந்த பெயர்தான் இடைக்கால பட்ஜெட். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. தொலைக்காட்சியில் நாம் கேட்பது பன்னிரண்டு மாதத்திற்கான பேச்சு. பேரவை ஓட்டுப் போட்டுக் கொடுப்பது சில மாதச் செலவுக்கான அனுமதி.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. இடைக்காலத்தில் ஒரு தொகை, முழு பட்ஜெட்டில் இன்னொரு தொகை என்று இரண்டு முறை பணம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முன்பணமாக அனுமதித்தது பிறகு வரும் முழு ஒதுக்கீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பெயரே முன்பணம்தானே.

நடந்துகொண்டிருக்கும் திட்டங்களுக்கு இதில் தடை இல்லை. முதியோர் உதவித்தொகை, மாணவர் விடுதிகள், ரேஷன் பொருட்கள், உலமாக்களுக்கான ஓய்வூதியம், 2009இல் அமைக்கப்பட்ட உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தின் உதவிகள் போன்றவை ஏற்கெனவே அரசாணையோடு நடப்பவை. முன்பண அனுமதி இவற்றுக்காகத்தான். புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டுமென்றால் மட்டும் முழு பட்ஜெட்டுக்காகக் காத்திருப்பது வழக்கம்.

தமிழ்நாட்டில் இது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் காட்சி. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல் ஆண்டுகளிலும் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட் வந்தது. தேர்தலுக்குப் பிறகு ஜூலையிலோ ஆகஸ்டிலோ 'திருத்திய பட்ஜெட்' வந்தது. இதில் 2021ஆம் ஆண்டைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும்.

2021 பிப்ரவரி 23 அன்று அன்றைய நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். மூன்றே நாளில், 26ஆம் தேதி, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. ஏப்ரல் 6இல் வாக்குப்பதிவு, மே 2இல் முடிவு, மே 7இல் புதிய அரசு. புதிய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஆகஸ்ட் 9 அன்று நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார், 13ஆம் தேதி திருத்திய பட்ஜெட்டை வைத்தார். துறை வாரியான விவாதங்கள் செப்டம்பர் 13 வரை நடந்தன. அதாவது நிதியாண்டு பிறந்து ஐந்து மாதத்திற்கும் மேலாக மாநிலம் முன்பண அனுமதியில்தான் ஓடியது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதமும் அதற்குள்தான் வருகிறது.

அந்த இரண்டு பட்ஜெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-22க்கான வருவாய்ப் பற்றாக்குறை 41,417 கோடி ரூபாயாக இருக்கும் என்றது பிப்ரவரி மதிப்பீடு. ஆகஸ்டில் அதே ஆண்டுக்கான மதிப்பீடு 58,692 கோடி. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. ஆறு மாத இடைவெளியில் ஏறத்தாழ 17,000 கோடி வித்தியாசம். கொரோனா அலையும் காரணம், முன்பு போட்ட கணக்கைப் புதியவர்கள் வேறுவிதமாகப் பார்த்ததும் காரணம். பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு என்ற முடிவும் ஆகஸ்டில்தான் வந்தது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு சொன்னது. வரியை மாற்றுவது போன்ற கொள்கை முடிவுகளை மக்கள் புதிதாகத் தேர்ந்தெடுத்த அரசு எடுப்பதே பொருத்தம் என்பதற்காகத்தான் இந்த இடைவெளியே.

ஆனால் இதெல்லாம் மரபுதான், சட்டம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைக்கால பட்ஜெட்டில் புதிய சலுகை அறிவிக்கக்கூடாது என்று எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. மத்திய அரசு 2019 பிப்ரவரி 1 அன்று வைத்த இடைக்கால பட்ஜெட்டில்தான் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் தேதி முதல் தவணையும் வழங்கத் தொடங்கப்பட்டது. வருமான வரியிலும் சலுகை சொன்னார்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. சட்டப்படி அதில் குற்றம் காண முடியாது. போகிற அரசு வருகிற அரசின் கையைக் கட்டக்கூடாது என்ற நாகரிகம் அங்கே மீறப்பட்டது என்பதே நம் கருத்து. எந்தக் கட்சி செய்தாலும் இதே கருத்துதான்.

தேர்தலுக்காக இடைக்கால ஏற்பாடு செய்வது ஒரு வகை. தேர்தலே இல்லாமல் அதை நாடுவது இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

பக்கத்தில் உள்ள புதுச்சேரியைப் பாருங்கள். அது சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசம். மாநிலங்களைப் போல் அல்லாமல், அங்கே பட்ஜெட்டுக்கு மத்திய உள்துறையின் ஒப்புதல் வர வேண்டும். அது தாமதமாவதால் பல ஆண்டுகள் மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டைப் பிறகு போடுவதே வாடிக்கையாகிவிட்டது. 2020இல் நிலைமை முற்றியது. மார்ச் இறுதியில் வாங்கிய மூன்று மாத அனுமதி ஜூன் 30உடன் முடிந்தது. முழு பட்ஜெட் தயாராகவில்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் இடையே இழுபறி. ஜூலை 20 அன்று முதல்வர் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தபோது, தனக்கு முறைப்படி அனுப்பி ஒப்புதல் பெறவில்லை என்று ஆளுநர் உரையாற்ற வரவில்லை. பிறகு 24ஆம் தேதி வந்து உரையாற்றினார். அதற்குள் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கொரோனா உறுதியானது. மண்டபத்திற்குள் கூட முடியாமல், 25ஆம் தேதி பேரவை வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து நிதி மசோதாவை நிறைவேற்றினார்கள். மரத்தடிப் பேரவை என்று செய்தித்தாள்கள் வேடிக்கையாக எழுதின. ஆனால் அந்த ஜூலை மாதம் முழுக்க காரைக்காலிலும் புதுச்சேரியிலும் சம்பளத்தையும் உதவித்தொகையையும் எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு அது வேடிக்கை அல்ல.

பேரவையே கூட முடியாத நிலை வந்தால் என்ன ஆகும்? அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அதே 2020 மார்ச்சில் ஆந்திராவில் கொரோனா காரணமாக மூன்று மாதச் செலவுக்கு ஆளுநர் அவசரச் சட்டம் மூலம் அனுமதி தரப்பட்டது. உத்தராகண்டில் 2016 மார்ச் 18 அன்று நிதி ஒதுக்க மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்தார். ஆளும் கட்சியின் ஒன்பது பேர் எதிரணியோடு சேர்ந்து, "எண்ணி வாக்கெடுக்கவில்லை, அது நிறைவேறவே இல்லை" என்றார்கள். 27ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மார்ச் 31 நெருங்கிவிட்டதால், மாநிலத்தின் செலவுக்கு மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. ஒரு மாநில மக்களின் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்பதை அவர்களுடைய பேரவையில் ஒருவரும் விவாதிக்காமலேயே ஏப்ரல் பிறந்தது.

முன்பண அனுமதியின் உண்மையான விலை இதுதான்: விவாதம் இல்லாமல் போவது. முழு பட்ஜெட்டில் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பேரவைக்கு முன் நிற்க வேண்டும். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை முக்கியமானது மானியக் கோரிக்கை எண் 9, அதாவது பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை. அந்த விவாத நாளில்தான் அத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். சென்ற ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று உறுப்பினர் எழுந்து கேட்கும் வாய்ப்பு அன்றுதான். முன்பண மானியத்தில் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரே அனுமதி. துறை வாரியாக நின்று பேச நேரம் இருக்காது. தாமதமாக முழு பட்ஜெட் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணை வந்து, டெண்டர் முடிந்து வேலை தொடங்கும்போது மழைக்காலம் வந்துவிடும். மார்ச்சுக்குள் செலவாகாத பணம் காலாவதியாகிவிடும். "ஒதுக்கினார்கள், ஆனால் செலவு செய்யவில்லை" என்ற புகாரில் ஒரு பங்கு இப்படியும் உருவாகிறது.

எனவே அடுத்த முறை இடைக்கால பட்ஜெட் அறிவிப்பு ஒன்று கைபேசிக்கு வந்தால், அதைப் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது ஏற்கெனவே நடக்கும் திட்டமா, புதியதா? இதற்கு அரசாணை வந்துவிட்டதா? அரசாணை இருந்தால் அதில் எண்ணும் தேதியும் இருக்கும். அந்தத் தேதி தேர்தல் அறிவிப்புக்கு முன்னா, பின்னா? புதிய திட்டம், அரசாணை இல்லை என்றால், புதிய அரசு வந்து திருத்திய பட்ஜெட் போடும்வரை அது ஒரு பேச்சு மட்டுமே. புதிய அரசு அதை ஏற்கலாம், மாற்றலாம், விட்டுவிடலாம். மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் போய் அதற்காக விண்ணப்பப் படிவம் கேட்டால் அங்குள்ள அலுவலரிடமும் பதில் இருக்காது. அவரிடம் கோபப்பட்டுப் பயனும் இல்லை. திருத்திய பட்ஜெட் வந்ததும் உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்தித்து, எண் 9 விவாதத்திற்கு வரும் நாளுக்கு முன்பே உங்கள் கேள்விகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.