எட்டாத தூரத்துச் சர்வரை நம்புவது எப்படி?

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள 'பரம் பொருள்' சூப்பர் கணினியின் முன்னால் உட்கார்ந்து யாரும் ஆய்வு நடத்துவதில்லை. தேசிய சூப்பர்கணினித் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனத்தால் அமைக்கப்பட்டு, 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த இயந்திரம் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் வரை போடக்கூடியது. அதில் பயனர் கணக்கு பெற்ற ஆய்வாளர், தம் லேப்டாப்பில் டெர்மினல் என்ற எழுத்துத் திரையைத் திறந்து, எஸ்எஸ்ஹெச் என்ற கட்டளை, தம் பயனர் பெயர், சர்வரின் முகவரி ஆகியவற்றை ஒரே வரியில் அடிக்கிறார். வெளியிலிருந்து வருவதற்கு நிறுவனம் அனுமதித்திருந்தால், அவர் ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளி, முல்லைப் பெரியாற்றங்கரையில் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் இருந்தாலும் அதே ஒரு வரிதான்.

அந்த வரி போகும் பாதை ஆய்வாளருக்குச் சொந்தமானதல்ல. வீட்டு வைஃபை, இணைய நிறுவனத்தின் கருவிகள், ஊர்களை இணைக்கும் கண்ணாடியிழை என்று பல கை மாறித்தான் அது திருச்சி சேர்கிறது. இடையில் யாரும் அதைப் படிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. அத்துடன், போய்ச் சேர்ந்த இடம் உண்மையிலேயே அந்தச் சர்வர்தானா என்றும் உறுதிப்பட வேண்டும். கடைசியாகச் சொன்ன இதைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முன்பு இந்த வேலைக்கு இருந்த டெல்நெட்டில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கடவுச்சொல் உட்பட எல்லாமே அப்பட்டமான எழுத்தாகவே கம்பியில் போனது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை யாரோ புகுத்தி, ஆயிரக்கணக்கில் கடவுச்சொற்களை அள்ளினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் அதற்கு மாற்றாக எஸ்எஸ்ஹெச்சை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதற்கு மாறியிருந்தார்கள். பின்னர் உரிம நிபந்தனைகள் இறுகியதால், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் பழைய கட்டற்ற பதிப்பு ஒன்றை எடுத்துச் செப்பனிட்டு 1999இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சைக் கொண்டுவந்தார்கள். இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் கிடைப்பது அதுதான்.

இணைப்பு தொடங்கியதும் லேப்டாப்பும் சர்வரும் தனித்தனியே ஒரு ரகசிய எண்ணை உருவாக்கி, அதிலிருந்து கணக்கிட்ட வேறோர் எண்ணை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன. பரிமாறப்பட்டது ஒட்டுக்கேட்பவர் கையில் சிக்கினாலும் மூல எண்ணை மீட்க முடியாது; இரு முனைகளும் மட்டும் ஒரே பொது ரகசியத்தை வந்தடையும். விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட வழி இது. அந்தப் பொது ரகசியத்திலிருந்து பிறக்கும் சாவிகளால் உரையாடல் முழுவதும் குறியாக்கம் செய்யப்படுகிறது. அமர்வு முடிந்ததும் அவை அழிகின்றன. இன்றைய உரையாடலைப் பதிந்துவைத்து, நாளைய குவாண்டம் கணினியால் உடைக்கக் காத்திருப்பவர்களையும் மனத்தில் கொண்டு, அதைத் தாங்கக்கூடிய இன்னொரு கணக்கையும் 2022 முதல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

இவ்வளவு வலுவான குறியாக்கமும் தவறான ஆளோடு நடந்தால் பயனில்லை. இடையில் புகுந்த ஒருவர் ஆய்வாளரிடம் தன்னைச் சர்வராகக் காட்டிக்கொள்ளலாம். இதைத் தடுக்கவே ஒவ்வொரு சர்வருக்கும் நிலையான சாவி ஜோடி ஒன்று இருக்கிறது. அதன் அந்தரங்கப் பாதியால் சர்வர் இந்த அமர்வுக்கு மின்னணுக் கையொப்பம் இடுகிறது. பொதுப் பாதியை வைத்து லேப்டாப் அதைச் சரிபார்க்கிறது. ஆனால் முதல் முறை இணையும்போது அந்தப் பொதுச் சாவி யாருடையது என்று லேப்டாப்புக்குத் தெரியாது. அதனால் சாவியின் சுருக்கமான 43 எழுத்துக் கைரேகையைத் திரையில் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. படிக்காமலேயே 'யெஸ்' அடித்துவிடுவதுதான் உலக வழக்கம். இணைப்பு முழுவதிலும் மனிதரின் தீர்ப்பை நிரல் நாடும் இடம் இது ஒன்றே. அதை இப்படிக் கைகழுவுவது பெரிய இழப்பு.

சரியான கைரேகையைச் சர்வர் நிர்வாகியிடம் முன்னதாகவே வேறு வழியில் கேட்டு வாங்கிவிட வேண்டும். 'யெஸ்' என்பதற்குப் பதில் அதையே ஒட்டினால் நிரலே ஒப்பிட்டுப் பார்த்துவிடும். 2019இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஒருமுறை ஏற்ற சாவி லேப்டாப்பில் பதிவாகிவிடும். பிறகு அது மாறியிருந்தால் பெரிய எச்சரிக்கையோடு இணைப்பு நின்றுவிடும். சர்வரைப் புதிதாக நிறுவியதால்கூட அப்படி ஆகலாம். பழைய பதிவை அழித்துவிட்டு மேலே போவதற்கு முன் நிர்வாகிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே முறை.

சர்வர் தன்னை நிரூபித்த பிறகு பயனரின் முறை. கடவுச்சொல்லை இங்கே நம்பியிருப்பது சரியல்ல. இணையத்தில் திறந்திருக்கும் 22ஆம் போர்ட்டை நோக்கி உலகெங்குமுள்ள தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை ஊகித்து ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கின்றன. போலிச் சர்வரில் அடித்த கடவுச்சொல்லோ அப்படியே பறிபோகும். சாவி முறையில் பயனரும் ஒரு ஜோடியை உருவாக்கி, பொதுப் பாதியைச் சர்வரில் பதிந்துவைக்கிறார். உள்ளே நுழையும்போது அவரது லேப்டாப் அந்த அமர்வுக்கென்றே கையொப்பம் இடுவதால், அதைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் பயன்படுத்த முடியாது. அந்தரங்கப் பாதி லேப்டாப்பை விட்டு வெளியேறவே கூடாது. அதற்கும் ஒரு கடவுத்தொடர் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். பிரவுசிங் சென்டரிலோ பலர் புழங்கும் கல்லூரி ஆய்வகத்திலோ அதை நகலெடுத்து வைக்கக் கூடாது. லேப்டாப் தொலைந்தால் சர்வரில் பதிந்த பொதுச் சாவியின் ஒரு வரியை நீக்கினால் போதும்.

உள்ளே வந்தவர் நிற்பது சூப்பர் கணினியின் வாசல் கணினியில். அங்கேயே பெரிய கணக்கை ஓட்டினால் மற்ற எல்லோருக்கும் இடைஞ்சல். வேலையை ஒரு கோப்பாக எழுதி ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாண்மை நிரலிடம் ஒப்படைத்தால், முறை வரும்போது அது தானாக ஓடும். அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டும் போகலாம். தனிச் சர்வரானால் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் வேலை செய்வது நல்லது. வீட்டில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் அமர்வு அப்படியே இருக்கும்.

சொந்தச் சர்வரை நிர்வகிப்பவர் சாவி முறை வேலை செய்வதைச் சோதித்த பிறகு கடவுச்சொல் நுழைவை மூடிவிட வேண்டும். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் நேரடி நுழைவையும் மூட வேண்டும். அமைப்பை மாற்றும்போது திறந்திருக்கும் அமர்வை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்ப்பது அவசியம். ஓர் எழுத்துப் பிழைகூடச் சர்வரின் கதவை உரிமையாளருக்கே அடைத்துவிடும்; சர்வர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஆபத்து வேறு வழியில் வரலாம். 2024 மார்ச் இறுதியில், எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்ட பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் காரணத்தைத் துருவினார். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் குறை இல்லை. சில லினக்ஸ் வகைகளில் அதனோடு சேர்ந்து ஏறிய எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசிய நுழைவாயில் ஒன்று திட்டமிட்டுப் புதைக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிப்புகள் பெரும்பாலான சர்வர்களைச் சென்றடைவதற்குள் திரும்பப் பெறப்பட்டன. சோதனைப் பதிப்புகளை ஏற்கெனவே நிறுவியிருந்த நிர்வாகிகள் உடனடியாகப் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது.