போதையை விட்டவருக்குப் பரிசு

கோகெயின் பழக்கத்தை நிறுத்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் உண்டு. குடிக்கு நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகள் உண்டு. கோகெயினுக்கும் மெத்தம்ஃபெட்டமினுக்கும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அங்கே கைகொடுப்பது நடத்தை சிகிச்சைதான். ஆலோசனை, பயிற்சி, ஊக்கம் ஆகியவற்றின் வழியாக ஒருவரின் அன்றாடப் பழக்கத்தை மாற்றும் முறை இது. மாத்திரையைப் போலவே இதையும் ஆய்வுக்கு உட்படுத்தி, பலன் தருகிறதா இல்லையா என்று கறாராகச் சொல்ல முடியும். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அதைச் செய்து காட்டின.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். கோகெயின் பழக்கம் உள்ளவர்கள் வாரம் மூன்று முறை வந்து சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும். மாதிரியில் கோகெயின் தடயம் இல்லையென்றால் 2.50 டாலர் மதிப்புள்ள வவுச்சர் கிடைக்கும். அடுத்த மாதிரியும் சுத்தமாக இருந்தால் 1.25 டாலர் கூடும். அதற்கடுத்ததற்கு மேலும் 1.25. தொடர்ந்து மூன்று மாதிரிகள் சுத்தமானால் 10 டாலர் கூடுதல். ஒருமுறை தவறினாலோ, வராமல் இருந்தாலோ மதிப்பு மீண்டும் 2.50-க்கு இறங்கிவிடும். ஆனால் அடுத்து வரும் ஐந்து மாதிரிகள் சுத்தமாக இருந்தால் பழைய உயரத்துக்கே திரும்பலாம். 24 வார சிகிச்சையில் வவுச்சர் தரப்படும் 12 வாரமும் தவறாதவருக்கு மொத்தம் 997.50 டாலர் சேரும். கையில் காசு தரப்படாது. கேட்கும் பொருளை ஊழியர்களே வாங்கிக் கொடுப்பார்கள்.

1994-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வார சிகிச்சையை முடித்தனர். அதே ஆலோசனையை வவுச்சர் இல்லாமல் பெற்றவர்களில் முடித்தவர்கள் 40 சதவீதம் மட்டுமே.

போதை தரும் சுகம் உடனே கிடைக்கிறது. அதை விடுவதால் வரும் நன்மைகளான உடல்நலம், வேலை, குடும்பத்தின் நம்பிக்கை எல்லாம் மாதக்கணக்கில் கழித்தே வருகின்றன. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இன்றைய கட்டுப்பாட்டுக்கு இன்றைக்கே ஒரு பலன் கொடுத்து, பெரிய நன்மை வந்து சேரும்வரை தாங்கிப் பிடிப்பதே இந்த முறை. அதனால்தான் பரிசோதனை அடிக்கடி நடக்க வேண்டும். கோகெயினின் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள்தான் தங்கும். வாரம் ஒருமுறை பார்த்தால் இடையில் நடந்தது தெரியாமலே போய்விடும்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் வெற்றி கண்டது ஊருக்குள் இருக்கும் சாதாரண சிகிச்சை மையத்திலும் பலிக்குமா என்பது வேறு கேள்வி. அங்கே நிதி குறைவு, ஆலோசகருக்கு வேலைப்பளு அதிகம். வருபவர்களுக்கோ ஒரே நேரத்தில் குடி, வேலையின்மை, வழக்கு என்று பல சுமைகள். ஆய்வுக்கும் நடைமுறைக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதாக அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 1998-இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் தேசிய போதைப்பழக்க ஆய்வு நிறுவனம், ஆராய்ச்சியாளர்களையும் சமுதாய சிகிச்சை மையங்களையும் இணைத்து ஒரு மருத்துவ ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. எதைச் சோதிப்பது என்று தீர்மானிப்பதில் மையங்களுக்கும் பங்கு இருந்தது. இந்த ஏற்பாட்டின் சிறப்பே அதுதான்.

அந்த வலையமைப்பில் சோதிக்கப்பட்ட முக்கியமான முறைகளில் ஒன்று, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி உருவாக்கிய குலுக்கல் முறை. ஆயிரம் டாலர் வவுச்சருக்கு மையங்களிடம் வழியில்லை என்பதால் செலவைக் குறைக்க அவர் கண்ட வழி இது. ஒரு கிண்ணத்தில் 500 வில்லைகள் இருக்கும். அவற்றில் 250-இல் பரிசு கிடையாது, 'சபாஷ்' என்பதுபோல ஒரு பாராட்டு மட்டும். 209 வில்லைகளுக்கு ஒரு டாலர் அளவில் பஸ் டோக்கன், சோப்பு, ஷாம்பு போன்ற சின்னப் பொருள். 40 வில்லைகளுக்கு 20 டாலர் மதிப்புள்ள பரிசு. ஒரே ஒரு வில்லைக்கு மட்டும் தொலைக்காட்சிப் பெட்டி போன்ற பெரும் பரிசு. சுத்தமான மாதிரி கொடுத்தவர் கிண்ணத்தில் கைவிட்டு எடுக்கலாம். வாரங்கள் தொடரத் தொடர எடுக்கும் வாய்ப்புகளும் கூடும். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

இந்த முறை இரண்டு வகை மையங்களில் 12 வாரம் சோதிக்கப்பட்டது. ஆலோசனை மட்டுமே தரும் 8 மையங்களில் 415 பேர் பங்கேற்ற ஆய்வு 2005-இல் வெளியானது. பரிசுப் பிரிவில் 49 சதவீதம் பேர் இறுதிவரை தங்கினர். வழக்கமான சிகிச்சையில் 35 சதவீதம். 12 வாரமும் தொடர்ந்து போதையின்றி இருந்தவர்கள் பரிசுப் பிரிவில் ஏறக்குறைய 19 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 5 சதவீதம். மெத்தடோன் தரும் 6 மையங்களில் 388 பேரிடம் நடந்த ஆய்வு மறு ஆண்டு வந்தது. மெத்தடோனுக்காக எல்லோரும் எப்படியும் வந்துகொண்டிருந்ததால், அங்கே தங்குவோர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ஆனால் பரிசு பெற்றவர்கள் சுத்தமான மாதிரி கொடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. ஒரே கருவி இரண்டு இடங்களில் இரண்டு விதமாக உதவியிருக்கிறது. பல இடங்களில் சோதித்திராவிட்டால் இது தெரியவந்திருக்காது.

எல்லா முறைகளும் இப்படிப் பிரகாசிக்கவில்லை. நோயாளியைக் கண்டிக்காமல், அவர் வாயாலேயே மாற்றத்துக்கான காரணங்களைச் சொல்லவைக்கும் உரையாடல் முறையை வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்திருந்தார். முதல் சந்திப்பிலேயே அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வில் 5 மையங்களைச் சேர்ந்த 423 பேர் இருந்தனர். முதல் மாதத்தில் சிகிச்சையில் தங்கியவர்கள் கூடினர். போதைப் பயன்பாடு குறையவில்லை. இதை அப்படியே வெளியிட்ட நேர்மை பாராட்டத்தக்கது. அதே உரையாடல் அணுகுமுறையை அடிப்படையாகக் கொண்டு, கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளவுமீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். சில அமர்வுகளே நடந்தன. மூன்று மாத முடிவில், அதற்கு முந்தைய இரு வாரமும் குடிக்காமல் இருந்தவர்கள் ஆலோசனை பெற்ற பிரிவில் 42 சதவீதம், மற்றதில் 18 சதவீதம்.

பரிசு முறை மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, இது லஞ்சம் என்பது. தவறு செய்வதற்குக் கொடுப்பதே லஞ்சம். உயிரைக் காக்கும் ஒரு செயலுக்குத் தரும் ஊக்கத்தை அந்தப் பெயரால் அழைப்பது நியாயமில்லை. குலுக்கல் சூதாட்டப் பழக்கத்தை வளர்க்கும் என்ற அச்சம் அதைவிடக் கவனிக்க வேண்டியது. பெட்ரியே சூதாட்ட அடிமைத்தனத்தை ஆராய்ந்தவர். பரிசு பெற்றவர்களிடம் சூதாட்டம் கூடவில்லை என்று அவர் குழு 2006-இல் காட்டியது. பரிசு நின்ற பிறகு பலன் மெல்லத் தேய்கிறது என்பதே உண்மையான குறை. அதனால்தான் பரிசு தனியாக நிற்க முடியாது. அதன் பக்கத்திலேயே ஆலோசனையும் வேலைக்கான உதவியும் தொடர வேண்டும்.

இவ்வளவு சான்று இருந்தும் இந்த முறை பரவவில்லை. நோயாளிக்குப் பொருள் கொடுத்து ஈர்ப்பதைத் தடுக்கும் அமெரிக்க முறைகேட்டுத் தடுப்புச் சட்டங்கள் மையங்களைத் தயங்கவைத்தன. காப்பீடும் பணம் தரவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதை ஏற்றன. பரிசாக அங்குள்ள கடையில் பொருள் வாங்கும் கூப்பன்களைத் தந்தன. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இதை முதலில் சேர்த்த மாநிலம் கலிஃபோர்னியா. அது 2023-இல்தான் நடந்தது. அங்கே 24 வாரத் திட்டத்தில் ஒருவர் ஓராண்டில் பெறக்கூடியது அதிகபட்சம் 599 டாலர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஹிக்கின்ஸ் 12 வாரத்துக்கே 997.50 டாலர் வைத்திருந்தார். பரிசின் மதிப்பு பெரிதாக இருந்து உடனுக்குடன் கொடுக்கப்பட்டால்தான் பலனும் பெரிதாகிறது என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. இந்த 599 டாலர் போதாது.