துணி உலர்த்தி: பழுது எங்கே உள்ளது?

ஆண்டிறுதி மழை தொடங்கிவிட்டால் அடுக்குமாடி வீடுகளில் துணி உலர்வது பெரும்பாடு. ஆதலின் பல இல்லங்களில் மின் உலர்த்தி இடம்பெற்றுவிட்டது. ஒருநாள் அதன் உருளை சுழல்கிறது, காற்றும் வருகிறது. ஆனால் ஒரு மணி நேரம் சென்றும் துணி நனைந்தபடியே கிடக்கிறது. பழுது பார்ப்பவர் வந்து, "போர்டு போய்விட்டது" என்கிறார். விலையைக் கேட்ட வீட்டார் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் என எண்ணுகின்றனர். இம்முடிவு பல வேளைகளில் அவசர முடிவாகும்.

போர்டு எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகை தானாக எதையும் அறிவதில்லை. வெப்பத்தை ஓர் உணரியும், ஈரத்தை மற்றோர் உணரியும், கதவு மூடியிருப்பதை ஒரு விசையும் அதற்குத் தெரிவிக்கின்றன. செய்தி பொய்யானால் பலகையின் ஆணையும் பிழையாகும். தவறான கணக்கைக் கொடுத்துவிட்டு, விடை தவறென்று மாணவனை அடிப்பது முறையா?

முதற்கண் திரையில் தோன்றும் பிழைக் குறியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் செருகியைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் விட்டு வைக்க வேண்டும். இடிமின்னலால் மின்னழுத்தம் தடுமாறியபோது குழம்பிய பலகை, இதனால் சில வேளை தெளிந்துவிடும். அடுத்து, பஞ்சுத்தூசு வடிகட்டியையும் காற்று வெளியேறும் குழாயையும் தூய்மை செய்தல் வேண்டும்.

இனி ஒரு சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஈரம் பார்த்துத் தானே நிற்கும் முறையில் ஒருமுறையும், குறித்த நேரம் ஓடும் முறையில் ஒருமுறையும் இயக்கிப் பார்க்க வேண்டும். நேர முறையில் துணி நன்றாக உலர்ந்து, தானியங்கு முறையில் மட்டும் இயந்திரம் முன்கூட்டியே நின்றால், வெப்பச் சுருளில் குறையில்லை; ஈர உணரியே ஐயத்துக்குரியது. உருளையின் வாயருகே காணப்படும் இரு உலோகப் பட்டைகளே பெரும்பாலும் இவ்வுணரி. ஈரத்துணி இரண்டையும் தொடும்போது சிறு மின்னோட்டம் பாய்கிறது. துணி உலர்ந்ததும் அது குன்றுகிறது. துணியை மென்மையாக்கும் தாள்களிலுள்ள மெழுகு போன்ற பொருள் பட்டைகளில் படிந்தால், ஈரத்துணியும் உலர்ந்ததாகவே பலகைக்குத் தோன்றும். காடியில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இரண்டே சட்டைகளைப் போட்டாலும் இக்குறை நேரும்; அவை பட்டைகளைச் சரிவரத் தொடுவதில்லை.

இரு முறையிலும் வெப்பமே இல்லையெனில் மூடியைத் திறந்து மின்தடையை அளக்க வேண்டும். செருகி பிடுங்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. மின்தடையின் அலகு ஓம். நம் பிரணவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஆசிரியரின் பெயர் அது. அவர் 1827இல் நூலாக வெளியிட்ட விதியே இன்றும் இங்கே துணை நிற்கிறது. 240 வோல்ட்டில் 2000 வாட் தரும் சுருளின் தடை ஏறத்தாழ 29 ஓம் இருத்தல் வேண்டும். அளவி எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

வெப்ப உணரியான தெர்மிஸ்டரின் இயல்பு வேறு. சூடேறச் சூடேற அதன் தடை குறையும். 25 பாகை வெப்பத்தில் 10,000 ஓம் காட்டும் வகை பரவலாக உள்ளது. அதன் கம்பி அறுந்தால் பலகைக்குக் கடுங்குளிர் போலவும், கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பெருவெப்பம் போலவும் தோன்றும். பின்னதில் பலகை சுருளுக்கு மின்சாரமே விடாது. பழி பலகைக்கு, குற்றம் சிறு கம்பிக்கு!

மற்றொன்று வெப்ப ஃபியூஸ். மிகைச் சூட்டில் இது அறுந்து சுற்றைத் துண்டிக்கும், மீண்டும் பயன்படாது. சிலர் இதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து இயந்திரத்தை ஓட்டுகின்றனர். பஞ்சுத்தூசு நிறைந்த பெட்டிக்குள் தீக்குக் கதவைத் திறந்துவிடும் செயல் இது. ஃபியூஸ் அறுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட காற்றுவழியே. அதை நீக்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் அறும்.

இவை யாவும் செவ்வையாக இருந்தால் மட்டுமே பலகையை ஐயுறலாம். இணைப்பிகளில் பச்சைக் களிம்பு, எறும்புக் கூட்டம், கருகிய பல்லி, வெடிப்புற்ற பற்றவைப்பு ஆகியன கண்ணுக்கே புலப்படும். சுருளுக்கு மின்சாரம் விடும் ரிலேயின் தொடுமுனை கருகியிருத்தலும் உண்டு. மின்சாரம் ஓடும் நிலையில் ரிலேயைச் சோதிப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அவரிடம் அளவுகளையும் பிழைக் குறியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ரிலேயை மட்டும் மாற்றுவதா, பலகை முழுவதையுமா என்று அவர் விரைவில் கூறிவிடுவார்.