தம்புனில் ஒரு பகல்

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பீடோர். கொய்யாவுக்கும் பெத்தாய்க்கும் பெயர் பெற்றது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் இங்குள்ள குடும்பங்கள் பல, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வடக்கே உள்ள தம்புனுக்குப் பயணம் மேற்கொள்கின்றன. ஈப்போவை அடுத்த அவ்விடத்தில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே, 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘லோஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன்’ என்ற கேளிக்கைப் பூங்கா உள்ளது. நீர்ச் சறுக்குகள், மிதவையில் அமர்ந்து செல்லும் ஓடை, புலிகளைக் காணும் இடம், அந்நாளில் ஈயம் அலசிய முறையைக் காட்டும் பகுதி, இயற்கை வெந்நீர் ஊற்று என அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்திருக்கின்றன.

ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்திற்கு நுழைவுக் கட்டணமே சில நூறு ரிங்கிட் ஆகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை சேமித்துச் செல்லும் பயணம் இது. எனவே, கொடுத்த பணத்திற்கு ஒன்றையும் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், அந்த எண்ணமே பல நேரங்களில் பயணத்தைக் கெடுத்துவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்குள் இளைய பிள்ளை அழத் தொடங்குகிறது. பாட்டியின் கால்கள் வீங்கிவிடுகின்றன. அப்பாவின் குரல் உயர்கிறது.

இதற்குக் காரணம் என்ன என்பதை ஒரு சிறிய கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். பூங்கா ஏழு மணி நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடை மாற்றவும் உணவு உண்ணவும் ஒன்றரை மணி நேரம் போனால், எஞ்சுவது ஐந்தரை மணி நேரம். விடுமுறைக் கூட்டத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அரை மணி நேரம் வரிசையில் நிற்க நேர்ந்தால், இடைவிடாமல் ஓடினாலும் பதினொன்றைத் தாண்ட முடியாது. ஒரு சறுக்கு விளையாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, இருபது நிமிட மகிழ்ச்சிக்காக ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்!

இத்தகைய சூழலில் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குத் தோட்டப்புற வாழ்க்கையே நல்ல எடுத்துக்காட்டு. பீடோர் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியும் முன்பே பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியும்போதே தங்கள் நிரையில் வேலையைத் தொடங்குவர். குளிர்ந்த அதிகாலையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால், கடினமான வேலை காலையிலேயே முடிந்துவிடும். கேளிக்கைப் பூங்காவிலும் நிலைமை இதுவேதான். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசைகள் குறுகியவை. பிள்ளைகளின் உடலிலும் தெம்பு இருக்கும். உள்ளே நுழைபவர்களில் பலர் கண்ணில் முதலில் படும் விளையாட்டிலேயே நின்றுவிடுவார்கள். எனவே, எல்லாரும் பெரிதும் விரும்பும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, தொலைவில் உள்ளதற்கு முதலில் செல்வது பயனளிக்கும். பெரிய சறுக்குகளுக்கு உயர வரம்பு உண்டு. பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டால், வரிசையின் முனைவரை சென்று ஏமாந்து திரும்பும் நிலை வராது.

நண்பகல் நேரம் ஓய்வுக்குரியது. வரிசைகள் மிக நீண்டிருப்பதும் வெயில் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். ஆயினும், பெற்றோர் பலர் வெயிலை மட்டுமே கவனிக்கின்றனர். நீர் செய்யும் வேலையை மறந்துவிடுகின்றனர். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளக்கூடியது. சிறு பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிடும்போது தோல் பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் பெரியவர்களைவிட வேகமாக வெப்பத்தை இழக்கின்றனர். அதனால்தான் சுட்டெரிக்கும் வெயிலிலும் நீரிலிருந்து எழும் குழந்தையின் உதடுகள் நீலம் பாரித்து, பற்கள் கிட்டித்து நடுங்குகின்றன. இந்த நடுக்கத்திற்கு உடல் தன் சக்தியைச் செலவிடுகிறது. நீரில் விளையாடும்போதும் வியர்க்கும். ஆனால், அது தெரிவதில்லை. தாகமும் அவ்வளவாக எடுக்காது. குளிர், நீரிழப்பு, பசி ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் வேளையில் பிள்ளை காரணமின்றி அடம்பிடிப்பதாகப் பெரியவர்கள் கருதுகிறார்கள். அவ்வேளையில் அதட்டுவதைவிட, உலர்ந்த துண்டு, குடிநீர், வயிறு நிறையச் சோறு, நிழலில் ஒரு மணி நேரம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.

குடும்பம் முழுவதும் எப்போதும் ஒன்றாகவே நடக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உயரமான சறுக்கு வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு முழங்கால் அளவு நீர் போதும். பாட்டிக்கோ உட்கார ஓர் இடம் வேண்டும். எல்லாரும் ஒரே வேகத்தில் சென்றால் ஒருவருக்குச் சலிப்பும் மற்றொருவருக்குக் களைப்பும் ஏற்படும். நிழலான ஓரிடத்தைச் சந்திப்பு இடமாக வைத்துக்கொண்டு, இரு பிரிவாகப் பிரிந்து சென்று, குறித்த நேரத்தில் கூடுவது நல்லது. கைப்பேசிகள் பெட்டகத்தில் இருக்கும். ஆகவே, நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பாட்டியை நாள் முழுதும் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிடும் வழக்கமும் உண்டு. அவரும் கட்டணம் செலுத்தித்தான் உள்ளே வந்திருக்கிறார். ஈயம் அலசும் பகுதியில் அவர் நின்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதைகள் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் இருக்காது.

மேற்குக் கரை மாநிலங்களில், குறிப்பாகப் பருவக்காற்று மாறும் மாதங்களில், பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். இடி மின்னலின்போது குளங்களிலிருந்து அனைவரும் வெளியேற வேண்டும். நீர் விளையாட்டுகளைப் பிற்பகலுக்கு ஒதுக்கி வைத்தவர்களுக்கு அன்று ஏமாற்றமே மிஞ்சும். காலையிலேயே விளையாடி முடித்தவர்கள் கூரையடியில் அமர்ந்து மழையை வேடிக்கை பார்க்கலாம்.

நாள் எப்படி முடிகிறது என்பதும் முக்கியமானது. 1993ஆம் ஆண்டில் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்கேற்றவர்கள் 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தனர். மற்றொரு முறை, அதே 60 விநாடிக்குப் பின் மேலும் 30 விநாடி வைத்திருந்தனர். அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் நீரின் குளிர் சற்றே குறைக்கப்பட்டது. எதை மீண்டும் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரச் சோதனையையே தேர்ந்தெடுத்தனர். முடிவு சற்று இதமாக இருந்ததால், நினைவில் அதுவே நல்லதாகப் பதிந்துவிட்டது. கானமன் 2002ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

அவ்வகையில் தம்புனின் வெந்நீர்க் குளங்கள் நாளை முடிப்பதற்கு ஏற்றவை. மாலையில் குன்றுகளின் நிழல் படரும்போது, பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகக் கால்களை நனைத்து அமரலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் வெந்நீரில் நீண்ட நேரம் மூழ்கியிருத்தல் ஆகாது. இன்னொருவரும் அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவர்தான் காரோட்டுபவர்.

வெந்நீரில் இருந்து எழுந்தபின் உடல் மெல்லக் குளிரும்போது தூக்கம் வரும். காலையிலிருந்து பைகளையும் பிள்ளைகளையும் தூக்கிச் சுமந்தவருக்கு அது இன்னும் விரைவில் வரும். பின் இருக்கையில் எல்லாரும் உறங்கிவிட, இருண்ட நெடுஞ்சாலையில் ஒருவர் மட்டும் கண்விழித்து 70 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஆகவே, நண்பகல் ஓய்வை யார் தவறவிட்டாலும் அவர் தவறவிடக் கூடாது. பிள்ளைகள் உண்டு கொண்டிருக்கும்போது அவர் அரை மணி நேரம் கண்ணயர்வதற்கு இடமளிக்க வேண்டும். வழியில் கண் சொக்கினால், சன்னலைத் திறப்பதும் வானொலியின் ஒலியைக் கூட்டுவதும் தூக்கத்தைப் போக்கிவிடா. ஓய்விடத்தில் காரை நிறுத்தி, இருபது நிமிடம் உறங்கிவிட்டுப் புறப்பட வேண்டும். பீடோர் டோல் சாவடியை அரை மணி நேரம் தாமதமாகக் கடந்தாலும், மறுநாள் விடுமுறைதானே!